திருத்தணியில் பதினான்கு மொட்டைகள்

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை திருத்தணி போனோம். சாமி கும்பிட இல்லை, நைனாவுக்கு முதியோர் இல்லம் பார்க்க. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்பது, அரக்கோணத்தில் தனியாக இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, நானும் அண்ணனும் ஆறு மாதம் வாட்ஸ்அப்பில் மாநாடு நடத்தி எடுத்த முடிவு இது.

அரக்கோணத்தில் நைனாவும் நானும் காலை 8.10க்கு மின்சார ரயில் ஏறினோம். ஐந்து ரூபாய் டிக்கெட், இருபது நிமிடப் பயணம். அதற்குள் நைனா எதிர் சீட்டுக்காரரிடம் டிக்கெட் கேட்டுவிட்டார். பழக்கதோஷம். அந்த மனிதரும் பயபக்தியோடு எடுத்துக் காட்டினார்.

ஸ்டேஷனிலிருந்து ஆர்.கே.பேட்டை சாலையில் நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். இல்லத்தின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் முகம் மலர்ந்தது.

"ரொம்ப பக்தியான எடம்மா. உள்ள கீறவங்க எல்லாருமே மொட்டை போட்டுகினுதான் இருப்பாங்க."

எனக்கும் திருப்தியாகிவிட்டது. முருகன் மலையடிவாரத்தில் மொட்டையைப் பார்த்து யாராவது சந்தேகப்படுவார்களா?

இல்லம் பளிச்சென்று இருந்தது. (பெயரை எழுதப் போவதில்லை.) எழுதி எடுத்துப்போன கேள்விகளை மேலாளரிடம் வரிசையாகக் கேட்டேன். ஆம்புலன்ஸ் உண்டா, கேமரா உண்டா, உப்பு குறைத்த சாப்பாடு உண்டா? எல்லாம் உண்டு. வராந்தாவில் பதினான்கு பேர், ஆண் பெண் பேதமில்லாமல் மொட்டை. யார் தலையிலும் சந்தனம் மட்டும் இல்லை. அதைக்கூடக் கவனிக்காமல், புல்லரித்துப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மேலாளர் எடுத்து வைத்த சேர்க்கை ஃபைலை நைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் அம்மையார்குப்பத்தில் தறி நெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இன்னா வேண்டுதல்ங்க?"

"வேண்டுதலா? மாசத்துக்கு ஒருக்கா ஒருத்தன் மிஷின் எடுத்துகினு வருவான், வரிசையா வழிச்சிட்டுப் போவான். பேன் வருமாம். எனக்கு ஒரே வேண்டுதல்தாங்க, அவன் ஒரு மாசமாச்சும் வராம இருக்கணும்."

பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தன எனக்கு. கும்பிட்டுத் தொலைத்திருக்கிறேனே!

நைனா மேலாளரிடம் வந்தார். "முடி எடுக்கறதுக்கு முன்னாடி அவங்களக் கேட்டீங்களா?"

"அவங்க நல்லதுக்குத்தான் சார். சுத்தமா இருக்கும். பசங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துகிறாங்க."

"ஆங். கையெழுத்து பசங்களுதுன்னா, பசங்க தலைய வழிங்க."

மேலாளர் ஃபைலை மூடினார்.

புகார் எழுதினால் தங்கள் பெயரைத் தைரியமாகப் போடச் சொன்னார்கள் பெரியவரும் அந்த அம்மாவும். திருத்தணி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, மாவட்டச் சமூக நல அலுவலருக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினார் நைனா. இந்த மாதம் மிஷின்காரர் வரவில்லை என்று ஆட்டோக்காரர் போனில் சொன்னார்.

இல்லம் பார்க்கப் போகிறவர்களுக்கு: சொல்லாமல் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள், மேலாளர் இல்லாமல் அங்கே இருப்பவர்களிடம் பேசுங்கள். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை நான் பிளாட்பாரத்தில், திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் செய்தேன்.

"சரி நைனா, உனக்கு இன்னாதான் வேணும்?"

"பாத்ரூம்ல புடிச்சிக்க ஒரு கம்பி. சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் மும்முரமா பேசிகினு இருந்தீங்க."

திங்கட்கிழமை ஆள் வந்து மாட்டினார். இருபது நிமிட வேலை.