யார் ரத்தத்துக்கு யார் மருந்து?

கோவளத்தில் துணிக்கடை வைத்திருக்கும் என் கணவர் இப்ராஹிமுக்கு ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பது தெரிந்தது. அதில் பல வகை உண்டு, வகையைப் பார்த்துத்தான் மாத்திரை தரவேண்டும் என்றார் டாக்டர். கூடுவாஞ்சேரியில் ஒரு லேப் 'முதல் வகை' என்று ரிப்போர்ட் தந்தது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் கிருமி போகவில்லை. வேறு லேபில் பார்த்தால், மூன்றாம் வகை!

ஆத்திரத்தோடு பழைய லேபுக்குப் போனேன். நோட்டைப் புரட்டிய ஊழியர், "அன்னிக்கு ரெண்டு இப்ராஹிம் வந்தாங்கம்மா. டியூப் மாறிப்போயிருக்கும்" என்றார் சாவகாசமாக.

"அப்போ அந்த இன்னொருத்தர் இன்னா மருந்து சாப்ட்டுகினு கீறாரு?"

என் கண்ணெதிரிலேயே அந்த இன்னொரு இப்ராஹிம் வீட்டுக்குப் போன் செய்ய வைத்தேன்.

புது மருந்தில் கணவர் குணமாகிவிட்டார். என் கோபம்தான் ஆறவில்லை. இப்போதெல்லாம் டியூபில் பெயர், வயது, போன் நம்பர் மூன்றையும் எழுதி ஒட்டச் சொல்லி, அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் லேபை விட்டு நகர்கிறேன்.

- மும்தாஜ், கோவளம்