விரல் நுனியில் வந்த பதில்

போன கார்த்திகையில் எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று சொன்னார்கள். அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. நான் நெடுந்தீவில் கடற்றொழில் செய்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச வாய் வராது.

வீட்டில் பார்க்கச் சொல்லி மகள் ஒரு மெஷின் வாங்கித் தந்தாள். விடிய வெறும்வயிற்றில் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் வைத்தால் இலக்கம் காட்டும். நான் சீனியை விட்டேன். பனங்கட்டியை வாயில் வைப்பதில்லை. இராச் சாப்பாட்டையும் விட்டேன். இலக்கம் இறங்கவே இல்லை. இருநூற்றைம்பது, இருநூற்றெண்பது. யாரையும் கேட்கக் கூச்சம். டொக்டர் நாளுக்கு ஒன்று என்று தந்த குளிசையை நானாகவே இரண்டாகப் போடத் தொடங்கினேன்.

ஒருநாள் கடலில் வலை இழுக்கும்போது வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண் இருண்டது. கடலுக்குள் சரிந்த என்னை மனைவியின் தம்பி சீலன் சேட்டில் பிடித்து இழுத்தான்.

“என்ன அத்தான், விடியவே கள்ளுப் போட்டிட்டீங்களோ?” என்று கேட்டவன், என் முகத்தைப் பார்த்ததும் பயந்து, தன் இனிப்புத் தேத்தண்ணியைப் பருக்கினான். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. சீனி கூடினவனுக்குச் சீனி குடித்து ஏன் தெளிந்தது? எனக்கு விளங்கவில்லை. பயம்தான் கூடியது. அடுத்த தடவை சீலன் பக்கத்தில் இல்லாவிட்டால்?

கிளினிக் நாள் வந்தது. குறிகட்டுவான் துறைக்குப் போகும் படகில் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். “ஆண்டவரே, வருத்தத்தை எடும் என்று கேட்கவில்லை. இன்றைக்கு என் வாயை மட்டும் திறந்துவிடும்.” அதற்கு மேல் செபிக்க எனக்குத் தெரியவில்லை.

கிளினிக் வாசலில் மனைவி றீற்றா தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தாள். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். தாதி மிஸ்ஸிக்கு முன்னால் இருந்ததும், எப்படி என்று தெரியாது, வாய் திறந்தது.

“மிஸ்ஸி, எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. சாப்பிடாமல் கிடந்தும் இறங்குதில்ல.”

“மெஷின் கொண்டு வந்தனீங்களோ? வீட்டில செய்யிற மாதிரி இஞ்ச செய்து காட்டுங்கோ.”

குத்தினேன். இருநூற்றுத் தொண்ணூறு. றீற்றா சிரித்தாள்.

“மிஸ்ஸி, இவர் முழுக்க வீட்டில மாதிரித்தான் செய்தவர். எனக்குத் தேத்தண்ணிக்குப் பனங்கட்டி உடைச்சுத் தந்திட்டுத்தான் குத்துறவர். இப்பவும் வாசலில உடைச்சுத் தந்தவர்.”

மிஸ்ஸி நிமிர்ந்தா. “உடைச்ச கையாலயோ? கழுவிறேல்லையோ?”

“ஊதிப்போட்டுக் குத்துவன், மிஸ்ஸி.”

“ஐயோ அண்ணை! மெஷின் அக்காவின்ர பனங்கட்டியையும் சேர்த்தெல்லோ அளந்திருக்கு!”

சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மற்றக் கை விரலில் குத்தச் சொன்னா. நூற்றுப் பதினெட்டு.

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. ஆனால் குளிசையை இரண்டாகப் போட்டதையும் கடலில் சரிந்ததையும் சொன்னதும் மிஸ்ஸியின் முகம் மாறியது. “அண்டைக்குக் கடலில உங்களுக்குச் சீனி கூடேல்ல, குறைஞ்சது. ஆள் போயிருப்பீங்கள்.” அப்போதே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா. பழையபடி ஒரே குளிசைதான், சாப்பாட்டை விடவே கூடாது என்று அவர் சொன்னார். விடிய வெறும்வயிற்றில் வரும் இலக்கம் வேறு, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து வரும் இலக்கம் வேறு என்பதும் அன்றுதான் விளங்கியது.

இப்போதும் இலக்கம் வரும் வரை நெஞ்சு அடிக்கும். சில நாள் கூடும், சில நாள் குறையும். முதல் நாள் என்ன சாப்பிட்டேன் என்று யோசிக்கிறேன். விளங்காவிட்டால் கேட்கிறேன். கேட்கும் வாயை ஆண்டவர் தந்தார். என் உயிரைக் காத்த அவருக்கு நன்றி.

உங்கள் வீட்டிலும் அந்த மெஷின் இருக்கலாம். இலக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் நீங்கள் பயந்துகொண்டிருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள், பிறகு மிஸ்ஸியிடமும் சொல்லுங்கள். அதற்கும் கூச்சமென்றால், பூசை முடிந்து நான் கோயில் வாசலில் நிற்பேன். பக்கத்தில் வந்து சும்மா நில்லுங்கள். பேச்சை நான் தொடங்குகிறேன்.