ஒன்றரை அடிச் சுவர்

நாற்காலியக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. நானூறு பிளாஸ்டிக் நாற்காலி, அறுபது மடக்கு மேசை, பதினெட்டு அண்டா, ஆறு பெரிய அடுப்பு, ஒரு ஜெனரேட்டர், இவ்வளவையும் வாடகைக்கு விடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஊரில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அவளுடைய நாற்காலியில்தான் உட்கார வேண்டும். நாற்காலிகளை வேனில் ஏற்றி இறக்குவது அவள் வீட்டுக்காரர். அவர் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

வாய் அவளுக்குக் கொஞ்சம் நீளம். நாற்காலி எண்ணிக்கையில் மட்டும் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. மற்றபடி எதையும் ஒரு முழம் கூட்டித்தான் சொல்வாள். தெருவில் ஒரு நாய் குரைத்தால் மூன்று நாய் துரத்தியதாக வீட்டுக்கு வந்து சொல்வாள். கேட்பவர்களும் இரண்டைக் கழித்துக்கொண்டு கேட்கப் பழகியிருந்தார்கள். கழிக்காமல் கேட்ட ஒரே ஆள் அவள் தம்பி. வந்த வினையெல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

அவளுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. கடலில் புயல் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். சாயங்காலத்திலிருந்து கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் அப்பாவும் படகை மேலே இழுத்துக் கட்டப் போயிருந்தார்கள். தம்பி அழுகையை நிறுத்துவதாக இல்லை. கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் இரண்டு பாறைகள் ஒட்டினாற்போல் நிற்கும். சட்டென்று அதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

"அந்த ரெட்டைப் பாறை இருக்குல்ல? புயல் வந்தா ரெண்டும் தோளோட தோள் சேர்ந்து நிக்கும். அந்தப் பக்கம் போன்னு ஒரு தள்ளு தள்ளும்."

"அப்புறம்?" என்றான் தம்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்புறம் என்ன, புயல் பயந்துபோய் வேற ஊருக்கு ஓடிடும்."

புயலும் வேறு ஊருக்குத்தான் போயிற்று. மறுநாள் தம்பி பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னான். பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். அடுத்த புயலும் விலகிப் போனது. அதற்கடுத்ததும். நாற்பது வருஷத்தில் ஆறு புயல் விலகிவிட்டது. முடிவெட்டும் கடைக் கண்ணாடிக்கு மேலே பாறையின் படம் மாட்டினார்கள். ஐஸ் கம்பெனிக்காரர், தன் அப்பாவுக்கு அவருடைய அப்பா சொன்ன கதை என்று சத்தியம் செய்தார். வெளியூர்க்காரர்கள் வானிலை அறிக்கை கேட்டுச் சாமான்களைக் கட்டும்போது இந்த ஊர்க்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து அவர்களைக் கேலி செய்தார்கள்.

நாற்காலியக்கா வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வேடிக்கையாக இருந்தது. அதற்கும் பிறகு, உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேட்டில் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. "பெருக்கிச் சுத்தமா வச்சுக்குங்க, உங்க சாமான்களை வேணா உள்ள வச்சுக்குங்க" என்று நகராட்சியில் சாவியை அவளிடம் கொடுத்தார்கள். ஊர் மக்கள் ஒதுங்க வேண்டிய இடத்தில் நானூறு நாற்காலியும் பதினெட்டு அண்டாவும் சுகமாக ஒதுங்கின.

தம்பி வளர்ந்து கரைத்தெருவில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தான். பட்டறைக்கு மேலே கடலைப் பார்த்தபடி தகரக் கூரை போட்டுப் பெரிய கூடம் ஒன்று கட்டினான். அதில் நடக்கப்போகும் முதல் விசேஷம் அவன் மகளின் கல்யாணம். கரைத்தெரு முழுக்க அழைப்பு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை நகராட்சி எழுத்தர் மேட்டுக்கு வந்தார்.

"அக்கா, மேலேர்ந்து உத்தரவு. புயலாம். கட்டடம் காலியா இருக்கற மாதிரி படம் எடுத்து அனுப்பணும். ஒரு அரை மணி நேரம் நாற்காலியெல்லாம் வெளியே வச்சா போதும். அப்புறம் உள்ள எடுத்துக்குங்க."

"நிஜமாவே வருதா சார்?"

"நாளைக்குச் சாயந்திரம் நேரா நம்ம மேலதான்னு சொல்றாங்க. வழக்கமாச் சொல்றதுதானே. நமக்கென்ன, பாறை இருக்கு."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த படிவத்தை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் படம் எடுக்க இடம் பார்த்தார். அக்கா எட்டிப் பார்த்தாள். 'இயற்கை அரண்கள்' என்ற இடத்துக்கு எதிரே நீல மையில் எழுதியிருந்தது: 'இரட்டைப் பாறை. புயலைத் திசை திருப்பும் தன்மை கொண்டது. ஆதாரம்: மூதாதையர் வாக்கு.'

"யாரு சார் இந்த மூதாதையர்?"

"பழைய ஆளுங்கதான். எந்தக் காலத்திலயோ சொல்லி வச்சது."

ஐம்பத்து மூன்று வயதில் மூதாதையர் ஆகிவிட்டோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. 'கரைத்தெருவிலிருந்து அப்புறப்படுத்த வேண்டியவர்கள்: இல்லை.' ஐந்து வயதுப் பிள்ளையின் அழுகையை நிறுத்தச் சொன்ன பொய், ஒரு தெரு ஆட்களையே காகிதத்தில் இல்லாமல் ஆக்கியிருந்தது.

அரை மணி நேரத்தில் வேன் பட்டறை வாசலில் நின்றது. தம்பி மாடிக் கூடத்தில் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கல்யாணத்தை மேட்டுக் கட்டடத்துக்கு மாத்திடு. புயல் வருது."

"வந்தா வரட்டும். பாறை எதுக்கு இருக்கு?"

"அது பொய்டா! நான் கட்டிவிட்ட கதை. உனக்கு அப்ப அஞ்சு வயசு. தகரம் அடிக்குதுன்னு அழுதே. வாயில வந்ததைச் சொன்னேன்."

தம்பி ஏணியிலிருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தான். "நீ எத்தனையோ அளந்திருக்கே. ஆனா ஊரோட கதையையே உன் கதைன்னு சொன்ன பார், இதுதான் உச்சம். ஐஸ் கம்பெனிக்காரரோட தாத்தாவே சொல்லியிருக்காரு."

"அவங்க வீட்டுக்குப் போய்ச் சொன்னதே நீதான்டா!"

அவன் நம்பவில்லை. எத்தனையோ பொய்யை நம்பவைத்த வாய்க்கு ஒரே ஒரு உண்மையை நம்பவைக்கத் தெரியவில்லை. அவள் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒன்று தோன்றியது.

"அப்படின்னா நாற்காலி கிடையாது. நானூறுல ஒண்ணுகூட மேட்டை விட்டுக் கீழே இறங்காது. அண்டாவும் வராது, அடுப்பும் வராது."

தம்பி ஏணியிலிருந்து இறங்கினான். "என் பொண்ணு கல்யாணத்துக்கா? நான் மாடி கட்டினதுலேர்ந்து உனக்கு வயித்தெரிச்சல்னு பலபேர் சொன்னாங்க. நான்தான் நம்பல. நீயெல்லாம் ஒரு அத்தையா?"

அவள் படியிறங்கினாள். அவள் வாய் பேசாமல் வந்ததை வீட்டுக்காரர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். வேனில் உட்கார்ந்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு மறு கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மத்தியானத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அக்கா மேட்டுக் கட்டடத்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பி அடுத்த ஊர் வாடகைக் கடைக்காரனுக்குப் போன் போட்டான். புயல் நேரத்தில் லாரியை எடுக்க மாட்டேன் என்று அவன் கையை விரித்துவிட்டான். பாவம், அவன் ஊரில் பாறை இல்லை.

சாயங்காலம் ஸ்கூட்டரில் கல்யாணப் பெண்ணே வந்து இறங்கினாள். பாதி பின்னிய தலை. கண் சிவந்திருந்தது.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன். கூட்டாம குறைக்காம சொல்லுங்க. பாறை புயலைத் தடுக்குமா, தடுக்காதா?"

"தடுக்காதும்மா."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தடுக்கும்னு சொன்னவளே நான்தானே." அழுத பிள்ளை, அடித்த தகரம், எழுத்தரின் படிவம் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை ஒரு நாயை மூன்றாக்கவில்லை.

"நீங்க சொன்ன எந்தக் கதையிலயும் தப்பு உங்க பேர்ல இருந்ததே இல்லை அத்தை. எல்லாத்துலயும் நீங்கதான் ஜெயிப்பீங்க. இதுல மட்டும்தான் தப்பு உங்களோடது. அதனால நம்பறேன்."

அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, கல்யாணம் எனக்குத்தானே? நாற்காலி எங்க இருக்கோ நான் அங்க உட்கார்றேன். நீங்க வந்து சேருங்க."

மகள் ஒற்றைக் காலில் நின்றால் எந்த அப்பா என்ன செய்வான்? தம்பி விளக்குச் சரத்தை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு வந்தான். அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து வேன் கரைத்தெருவுக்கும் மேட்டுக்குமாக அலைந்தது. புயல் என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் நடக்க முடியாதவர்கள் வீட்டு வாசலில் நின்று, "உங்களுக்கு முன்வரிசையில நாற்காலி போட்டிருக்கு, நீங்க வராம கல்யாணம் நடக்காதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். இதுவும் பொய்தான். பழக்கம் ஒரே நாளில் போகுமா? பத்து வருஷமாக வாசல் தாண்டாதவர்கள்கூடப் புதுத் துணி உடுத்திக்கொண்டு வேனில் ஏறினார்கள்.

தாலி கட்டி முடிந்தது. முதல் பந்தி முடிந்தது. மூன்று மணிக்குச் சிலர் கிளம்பப் பார்த்தார்கள். அக்கா சமையல்காரரிடம் போய், "கடைசிப் பந்தியை இழுங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு இழுங்க" என்றாள். அவர் கெட்டிக்காரர். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாயசத்தில் இன்னும் இரண்டு குடம் பாலை ஊற்றினார். வாசம் மூக்கைத் துளைத்ததும் செருப்பு மாட்டியவர்கள் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். பாயசம் வருவதற்குள் காற்று வந்துவிட்டது.

கதவைச் சாத்த நான்கு ஆண்கள் தேவைப்பட்டார்கள். விளக்கு அணைந்தது. ஜெனரேட்டரை ஓடவிட்டதும் மங்கலாக இரண்டு விளக்குகள் எரிந்தன. வெளியே மரங்கள் முறியும் சத்தம், தகரங்கள் பறக்கும் சத்தம். பாறையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் அழுதன. பெரியவர்கள் அழாமலிருக்கப் பாடுபட்டார்கள்.

அக்காவின் பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். தம்பி. நாற்காலியை அவளோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா. ஏதாவது சொல்லேன்."

"என்னத்தைச் சொல்ல? அந்தக் கதைதான் பொய்யாப் போச்சே."

"பொய் வேண்டாம். ஏதாவது சொல்லு."

அக்கா யோசித்தாள். கூட்டிச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. கூட்டிச் சொல்ல மனமும் வரவில்லை.

"இந்தச் சுவர் ஒண்ணரை அடி கனம்."

"அப்புறம்?"

"கட்டும்போது தினமும் வந்து பார்த்தேன். உள்ள பெருவிரல் கனத்துக்குக் கம்பி போட்டிருக்காங்க."

"அப்புறம்?"

"மேட்டுக்கு மேல பன்னெண்டு படி. பெருக்க வரும்போதெல்லாம் எண்ணித்தான் ஏறுவேன். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணி வராது."

"அப்புறம்?"

"உள்ள முந்நூத்து இருபத்தாறு பேர் இருக்காங்க. ரெண்டு தரம் எண்ணிட்டேன். கரைத்தெருவுல ஒருத்தர் பாக்கியில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகும் எழுபத்து நாலு நாற்காலி மிச்சம்."

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் எப்போது அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்து கேட்கத் தொடங்கின என்று அவள் கவனிக்கவில்லை.

விடிந்து இறங்கிப் பார்த்தபோது கரைத்தெருவில் ஜன்னல் உயரத்துக்குக் கடல் வந்துபோன அடையாளம் இருந்தது. தம்பியின் மாடிக் கூடத்தில் கூரையும் இல்லை, ஒரு பக்கச் சுவரும் இல்லை. இரட்டைப் பாறை எப்போதும்போல் நின்றுகொண்டிருந்தது. நடந்ததற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல் நின்றுகொண்டிருந்தது. போனது எல்லாம் வீடும் சாமானும்தான். ஆள் ஒருவர்கூடப் போகவில்லை.

அந்த வாரமே அக்கா நகராட்சிக்குப் போய் அந்தப் படிவத்தை எடுக்கச் சொன்னாள். எழுத்தர் தயங்கினார். "மூதாதையர் சொன்னதை நாமளா எப்படிக்கா அடிக்கிறது?"

"மூதாதையர்தான் நேர்ல வந்து நிக்கிறேன். அடிங்க."

அவர் அடித்தார். அடுத்த வரியில் இருந்த 'இல்லை'யை அடித்துவிட்டு, அவள் சொல்லச் சொல்லக் கரைத்தெருவின் முந்நூற்றுச் சொச்சம் பெயர்களையும் எழுதினார். தம்பி தன் பட்டறைக்குப் பின்னால் புதுக் கொட்டகை போட்டு நாற்காலிகளை அங்கே மாற்றினான். மேட்டுக் கட்டடத்தின் சாவி இப்போது ஐந்து வீடுகளில் இருக்கிறது.

அடுத்த வருஷம் மறுபடியும் எச்சரிக்கை வந்தது. தண்ணீர்க் குடமும் துணிமூட்டையுமாக அக்கா மூச்சு வாங்க மேட்டில் ஏறினாள். அவளுக்கு முன்னால் கதவு திறந்திருந்தது. பாயும் போர்வையுமாகக் கரைத்தெரு பாதி வந்து இடம்பிடித்துவிட்டது. படியில் தம்பி உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"இந்தச் சுவர் இருக்கு பார், மூணு அடி கனம்! உள்ள என் தொடை கனத்துக்குக் கம்பி!"

"அப்புறம்?" என்றது பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஒண்ணரை அடிடா," என்றாள். "பிள்ளைகிட்ட சரியாச் சொல்லு."