ஒரு டிராகனும் ஒரு மூட்டை டிராகன்களும்

என் டிராகன் சென்னைக்குப் போகப்போகிறது என்று தெரிந்த அன்று நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. கோடை விடுமுறைக்கு விருதுநகர் வந்திருந்த அத்தை மகன் அதை என்னிடம் ஜெயித்துவிட்டான். சண்டைச் சீட்டு விளையாட்டு அது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பிராணி, அதற்கொரு பலம். தோற்றவர், ஜெயித்தவர் கேட்கிற சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். பாவி, எடுத்த எடுப்பில் டிராகனைக் கேட்டான். அப்பா நான் கேட்காமலே வாங்கி வந்த ஒரே பாக்கெட்டில் கிடைத்தது அது.

அந்த விளையாட்டில் ஒரு விதி மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. ஒரே பெயருள்ள இரண்டு சீட்டுகள் எதிரெதிரே வந்தால் இரண்டுமே செத்துவிடும். சமபலம் என்றால் இரண்டும் நிற்க வேண்டியதுதானே, ஏன் சாக வேண்டும்?

“விதின்னா விதிதான்” என்றான் அவன், ஏதோ தானே எழுதியது மாதிரி.

சித்தப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைன் செய்துகொண்டிருந்தார். வீட்டில் யார் அழுதாலும் அதை அச்சடித்துத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். என் அழுகையை விசாரித்துவிட்டு நேரே அவனிடம் போனார்.

“ஏலே மாப்ள, அந்தப் படத்த ஒருநாள் குடு. கம்பெனில காட்டிட்டுத் தாரேன்.”

அவன் பெருமையோடு கொடுத்தான். மறுநாள் சாயங்காலமே சீட்டு பத்திரமாகத் திரும்பியும் வந்தது. பத்து நாள் கழித்துச் சித்தப்பா ஒரு மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவிழ்த்தால் உள்ளே முழுக்க டிராகன்!

பள்ளி நோட்டு அட்டைக்கு அது சீசன். அட்டை அச்சடிக்கிற பெரிய தாளின் ஓரத்தில் வெட்டிப் போடுகிற இடம் கொஞ்சம் இருக்குமாம். முன்னும் பின்னுமாக டிராகனை அங்கே சொருகிவிட்டார். எத்தனை நோட்டு அட்டையோ அத்தனை டிராகன்.

“ஒண்ணு போதுமே சித்தப்பா?”

“ஒண்ணு மட்டும் அடிக்க மெஷினுக்குத் தெரியாது தாயி.”

“இம்புட்டையும் எங்கன வைக்க? ஆக்கித் திங்கவா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தை மகன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் கடைசி ஆட்டம். நான் ஜெயித்தால் டிராகன் எனக்கு. அவன் டிராகனை இறக்கினான். நானும் ஒரு டிராகனை இறக்கினேன்.

“டூப்ளிகேட் செல்லாது!” என்று குதித்தான்.

சித்தப்பா இரண்டையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கலைத்து நீட்டினார். “இதுல உன்னுது எதுலே?”

அவன் திருப்பிப் பார்த்தான், தடவிப் பார்த்தான், மோந்துகூடப் பார்த்தான். தெரியவில்லை.

“அப்போ விதின்னா விதிதான்” என்றார் சித்தப்பா.

இரண்டும் செத்த சீட்டுகளோடு போயின. அப்போதுதான் எனக்கு அந்த விதி விளங்கியது. ஒன்றே ஒன்று வைத்திருப்பவனுக்குத்தான் அதில் பயம். என் கையில் இன்னொரு டிராகன் இருந்தது. அதை எதிர்க்க அவனிடம் எதுவும் இல்லை. ஜெயித்துவிட்டேன். செத்த இரண்டு டிராகன்களில் ஒன்றை அவன் கண்கலங்கி என்னிடம் கொடுத்தான். மற்றதை நீயே வைத்துக்கொள் என்று நானும் பெரிய மனசு காட்டினேன்.

மறுநாள் அவன் பஸ் ஏறிய பிறகுதான் அவன் கொடுத்தது எந்த டிராகன் என்ற சந்தேகம் எனக்கு வந்தது. சித்தப்பாவிடம் ஓடினேன்.

“இது அசல்தானே சித்தப்பா?”

அவர் பையிலிருந்து அச்சைச் சோதிக்கிற லென்ஸை எடுத்துச் சீட்டின் மேல் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

“அசலேதான் தாயி. நம்ம மெஷின் இம்புட்டு சுத்தமா அடிக்குமா?”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இன்று நானும் அதே தொழிலில் இருக்கிறேன். போன மாதம் வீடு ஒழிக்கும்போது அந்தச் சீட்டு அகப்பட்டது. சும்மா லென்ஸை வைத்துப் பார்த்தேன். சிவப்பு மை மற்ற நிறங்களோடு பொருந்தாமல் ஒரு மயிரிழை விலகியிருந்தது. சித்தப்பா அடித்ததேதான், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவருக்கு லென்ஸ்கூடத் தேவைப்பட்டிருக்காது. தன் அச்சில் யாராவது குறை சொன்னால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் அவர். அன்று அவ்வளவு நேரம் குனிந்திருந்தது, தன் மெஷினைத் தானே மட்டம் தட்டிச் சொல்ல மனதைத் திடப்படுத்திக்கொள்ளத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.