மேட்டூரைப் பற்றிக் கேட்ட சிப்பாய்

தொண்ணூறுகளின் கடைசி. எல்லையில் சண்டை ஓய்ந்து, அது நன்னிலம் தியேட்டருக்கு வந்து சேர்ந்திருந்தது. வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு மாடியில் ஒரு குடித்தனக்காரர் இருந்தார். நாகூர்க்காரர். துபாயில் லாரி ஓட்டியவர். இங்கே கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து மறுபடி கிளம்பக் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலைகளில் துபாயிலிருந்து அவருக்கு என் வீட்டு ஃபோனில் அழைப்பு வரும். கூடத்தில் நின்று இந்தியில் பேசுவார். எனக்கு இந்தி தெரியாது.

ஒரு வியாழக்கிழமை, இந்தியிலிருந்து தமிழ் பேசவைத்த போர்ப் படம் ஒன்றுக்குப் போனேன். எதிரிச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் கண்ணில் மை. 'ஜனாப்' போட்டுக்கொண்டு காரணமில்லாமல் சிரித்தார்கள். ஒருவருக்கும் வீடு வாசல் இருப்பதாகத் தகவல் இல்லை. மேசையில் மட்டும் எப்போதும் ஓர் அணையின் வரைபடம்.

மறுநாள் காலை, புரியாத பேச்சுக்கு நடுவே ஒரு சொல் என் காதில் விழுந்தது: மேட்டூர். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை. குடித்தனக்காரர் சிரிக்கவும் செய்தார்.

அன்று மாலை பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வருவதாக இருந்தது. வீட்டுக்காரன் வார்த்தையில்தான் இவருடைய பயணமே இருந்தது. 'மேல்விசாரணை தேவை' என்று ஓர் அறிக்கை போனால் ஆள் எத்தனை காலம் அலைவார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் முடிவெடுப்பது நடைமுறை இல்லை. கை காட்டி நிறுத்தினேன்.

"லைன்ல யாருங்க?"

ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டார். "துபாய்ல எங்கூட ரூம்ல இருக்கிறவருங்க சார். பாகிஸ்தான்காரர்."

ஒளிக்காமல் சொன்னதே என் சந்தேகத்தைக் கூட்டியது. "அங்க என்ன பண்ணிட்டிருந்தார்?"

"பட்டாளத்துல இருந்தாருங்க."

"பட்டாளத்துக்காரருக்கு மேட்டூர்ல என்னங்க வேலை?"

ரிசீவரை என்னிடம் நீட்டினார். "நீங்களே கேட்டுக்குங்க சார். ரூம் பூரா தமிழ் ஆளுங்க, ஓரளவு பேசுவாரு."

படத்தில் கேட்ட அந்தச் சிரிப்பை எதிர்பார்த்துத்தான் காதில் வைத்தேன். ஓர் இருமல் கேட்டது.

"வணக்கம் சார். மேட்டூர் தொறந்தாச்சு, உங்க மாடித் தம்பி சொல்றான். வயலுக்குத் தண்ணி வந்தாச்சா?"

விசாரிக்கப் போனவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "இன்னும் வரலை. இது கடைமடை."

"கடைமடை," என்று திருப்பிச் சொன்னார். அந்தச் சொல்லை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஊர்ல நம்ம நிலமும் கடைமடை சார். மேலே இருக்கிறவன் எல்லாம் எடுத்துக்குவான். அண்ணன் வாய்க்கால்ல காவல் இருக்கான்."

"இங்கயும் அதே கதைதாங்க," என்று சொல்லி ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தேன்.

மாலையில் ஏட்டு வந்தார். "ஆளு எப்படிங்க சார்?"

"எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லை."

"ஃபோன்ல யார் யாரோ பேசுறாங்களாமே?"

"விவசாயிங்க," என்றேன்.

குடித்தனக்காரர் அந்த வருடமே துபாய் போய்ச் சேர்ந்தார். இப்போதும் டிவியில் போர்ப் படம் வந்தால் உட்கார்ந்து பார்க்கிறேன். சந்தேகப்படும் பழக்கம் மட்டும் போகவில்லை, ஆள்தான் மாறிவிட்டது: மை பூசிய அந்தச் சிப்பாய் சிரிக்கும்போதெல்லாம், இவன் ஊர் வாய்க்காலில் காவல் நிற்பவனை ஏன் காட்டாமல் மறைக்கிறார்கள் என்று படம் எடுத்தவர்கள்மேல்தான் சந்தேகம் வருகிறது.