யார் கொடுத்த தேநீர்

எங்கள் மலையூரான கோயாவின் பழைய கடைவீதியில், செருப்புத் தைப்பவர்களின் வரிசை முடிகிற இடத்தில் ஸாபிர் மாமாவின் தேநீர்க்கடை இருக்கிறது. அங்கே குடித்துவிட்டு எழுந்து காசை நீட்டினால் பாதி நாட்கள் அவர் வாங்கமாட்டார். "குடுத்தாச்சு" என்பார். நமக்கு முன்னால் எழுந்துபோன யாரோ ஒருவர், நம்மோடு அதே கடையில் உட்கார்ந்து குடித்தவர், நம்முடையதற்கும் சேர்த்துக் கொடுத்திருப்பார். யார் என்று கேட்பது மரியாதை இல்லை. ஊகித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு நாள் அவருடையதை நாம் கொடுத்துவிட வேண்டும். ஊரில் பல பகைகள் இப்படித்தான் வாய் திறக்காமலேயே முடிந்திருக்கின்றன.

ஃபரைதூன் ஒருவர்தான் கேட்பார். "யார் குடுத்தா?"

ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் எங்களோடு புவியியல் நடத்தியவர் அவர். ஒல்லியான உடம்பு, வெயிலிலும் கழற்றாத கம்பளி மேல்சட்டை. மகள் பிறந்தபோது வாசலில் யாரோ ஒரு நல்ல கம்பளத்தை வைத்துவிட்டுப் போனார்கள். பெயர் தெரியாத பொருள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அதை மசூதியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். கம்பளம் அனுப்பியது அவருடைய மாமியார். அந்தச் சண்டை தீரப் பல வருடங்கள் ஆயின.

இந்தக் குணத்துக்குக் காரணத்தை அவர் மனைவி குனாவ் ஒருமுறை சொன்னாள். பக்தாத் ஆட்சிக்கு எதிரான எழுச்சி தோற்ற வசந்தத்தில் ஊரே மலையேறி எல்லையை நோக்கி ஓடியது. ஃபரைதூன் அப்போது சிறுவன். வழியில் ஒரு லாரியிலிருந்து ரொட்டி கொடுத்தார்கள். யார் என்று கேட்கிற நிலையில் யாரும் இல்லை, பசி அப்படி. சில வருடங்கள் கழித்து நம்முடைய கட்சிகளுக்குள்ளேயே சண்டை மூண்டபோது, துப்பாக்கியோடு சிலர் வீட்டுக்கு வந்தார்கள். "அன்னைக்கு எங்க ரொட்டியைச் சாப்பிட்டவங்கதானே நீங்க?" என்று கேட்டு அண்ணனைச் சண்டைக்குக் கூட்டிப்போனார்கள். அண்ணன் திரும்பவில்லை.

இதைக் கேட்ட பிறகும் அவருடைய குணத்தை நற்குணம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மூலம் தேடுகிறவனோடு பழகுவது கடினம். ஒரு மனிதன் இன்னொருவனுக்குக் காரணமில்லாமல் எதையாவது கொடுக்கலாம் என்பதை அவன் ஒப்புக்கொள்வதே இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் நடந்ததைப் பார்த்தவன் என்ற முறையில், அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஆசிரியர்களான எங்களுக்குச் சம்பளம் வரவில்லை. ஸாபிர் மாமாவின் கடைச் சுவரில் தொலைக்காட்சி ஒன்று உண்டு. அதில் பக்தாதிலிருந்து ஒருவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து, சம்பளத்துக்கான பங்கை அனுப்பியாகிவிட்டது என்பார். அடுத்த அலைவரிசையில் எங்கள் பகுதி அரசு இருக்கிற எர்பிலிலிருந்து இன்னொருவர் அதே மாதிரிக் கழுத்துப்பட்டியோடு வந்து, எதுவும் வந்துசேரவில்லை என்பார்.

"பக்தாத்காரன் என்ன சொல்றான்? எண்ணெயை என்கிட்ட ஒப்படை, சம்பளத்தை அனுப்பறேங்கறான்."

"எர்பில்காரன் என்ன சொல்றான்? சம்பளத்தை மொதல்ல அனுப்பு, எண்ணெயை ஒப்படைக்கறேங்கறான்."

"நடுவுல நாம என்ன சொல்றோம்?"

"ஸாபிர் மாமா, இன்னொரு டீன்னு சொல்றோம்."

இந்தப் பேச்சு தினமும் நடக்கும், தினமும் சிரிப்போம். ஊருக்கு வெளியே இருக்கிற சாலையில் எண்ணெய் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவை போகும்போது வகுப்பறைச் சன்னல் கண்ணாடி நடுங்கும். எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, எந்த எல்லையைத் தாண்டிப் போகிறது, விற்ற காசு யார் கைக்குப் போகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். கண்ணாடி நடுங்குவது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

பள்ளிகளைப் பூட்டினோம். வேலைநிறுத்தக் குழு அமைந்தது. தலைமையாசிரியர் வஹாப் அதற்குத் தலைவர். நானும் ஃபரைதூனும் உறுப்பினர்கள். கணக்கு வாத்தியார் ஹோகிர் இளைஞன், குழுவில் எல்லோரையும்விட உரக்கப் பேசுகிறவன். பூட்டிய பள்ளியில் கூட முடியாது என்பதால் சாயங்காலங்களில் ஸாபிர் மாமா கடையின் உள்பெஞ்சில்தான் கூடினோம்.

எழும்போது வஹாப் சட்டைப்பையில் கைவிடுவார். ஸாபிர் மாமா தலையை அசைப்பார். "குடுத்தாச்சு."

முதல் சில நாட்கள் இது எங்களுக்கு இதமாக இருந்தது. இந்தக் கஷ்டத்திலும் எங்களில் ஒருவன் மற்றவர்களுக்காகக் கொடுக்கிறான் என்ற நினைப்பே குளிருக்கு ஒரு போர்வை மாதிரி. ஆனால் அது நாள்தோறும் நடந்தது. ஃபரைதூன் எல்லோரும் வெளியே போகும்வரை காத்திருந்து, வெந்நீர் கொதிக்கிற சமோவர் பக்கம் போய், மாமாவின் காதருகே குனிந்து எதையோ கேட்பார். சத்தமாகக் கேட்டால் மரியாதைக் குறைவு என்பதால் அந்த அடக்கம். வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்த ஹோகிர் அதைப் பார்த்திருக்கிறான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தோம். ஞாயிறு காலை, பெட்ரோல் நிலையத்துக்கு அப்பால் சாலை வளைகிற இடத்தில், லாரிகளுக்குக் குறுக்கே நிற்பது. பெஞ்சில் இருந்தவர்களைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை, மனைவிமார்களுக்குக்கூட.

ஞாயிறு காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வளைவில் சீருடைக்காரர்கள் வண்டிகளோடு நின்றிருந்தார்கள். லாரி ஒன்றுகூட வரவில்லை. வேறு பாதையில் திருப்பிவிட்டிருந்தார்கள். அதிகாரி ஒருவர் கையுறையைத் தட்டிக்கொண்டே எங்களிடம் வந்தார்.

"வாங்க வஹாப் வாத்தியாரே. குளிருதே, வீட்டுக்குப் போங்க. ஹோகிர் தம்பி, உங்கம்மாவுக்கு இப்ப இருமல் எப்படி இருக்கு?"

ஹோகிர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அம்மாவின் இருமலைப் பற்றி அவன் அந்தப் பெஞ்சில்தான் பேசியிருந்தான்.

அன்று சாயங்காலம் தேநீர் வந்தது, யாரும் தொடவில்லை. ஹோகிர் ஆரம்பித்தான்.

"ஒரே ஒரு கேள்வி. நம்மள்ல ஒருத்தருக்கும் சம்பளம் இல்ல. அப்ப தினமும் இந்த டீக்கெல்லாம் குடுக்கறது யாரு?"

ஒவ்வொருவராக, தான் இல்லை என்றோம். ஃபரைதூனும் அதையே சொன்னார்.

"அப்ப தினமும் சமோவர்கிட்டப் போயி மாமா காதுல என்ன ஓதறீங்க, ஃபரைதூன் அண்ணே?"

"யார் குடுத்தான்னு கேட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நட்பு இல்லை.

"அடேயப்பா!" என்றான் ஹோகிர். "சம்பளமில்லாத காலத்துல ஓசி டீ வருது. ஊர்ல எவனாச்சும் இது யார் குடுத்ததுன்னு கேப்பானா?"

"நான் கேப்பேன்."

"கேக்கல, குடுத்துட்டு வந்தீங்க. குடுக்கறவன் கையில எங்கிருந்தோ காசு வருது. அவ்வளவுதான் என் கணக்கு."

ஃபரைதூன் மெதுவாக எழுந்து ஸாபிர் மாமாவைப் பார்த்தார். "மாமா, நீங்களே சொல்லுங்க. குடுத்தது நானா?"

ஸாபிர் மாமா ஒரு கண்ணாடிக் குவளையை நெடுநேரம் துடைத்தார். "குடுத்தவன் பேரைச் சொல்ற வழக்கம் எங்கப்பா காலத்துலருந்து இந்தக் கடையில இல்ல, வாத்தியாரே."

ஃபரைதூனுக்கு எதிராக அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை. வஹாப் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "வியாழக்கிழமை வரைக்கும் வராதீங்க, ஃபரைதூன். தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்குக் குழு முடிவு பண்ணும்."

முடிவு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அவர் காட்டிக்கொடுத்தவர் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் அறிவிப்பது. அதன் பிறகு சம்பளம் வந்தாலும் அவரால் ஒரு வகுப்பறைக்குள் நுழைய முடியாது. சிறுவர்கள் உள்ளே விடமாட்டார்கள்.

மறுநாள் ரொட்டிக்கடையில் குனாவுக்குப் பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து ரொட்டியை வீசியெறிந்தாள்.

"உங்களை யாரு கேக்கச் சொன்னது? எல்லாரையும் மாதிரி குடிச்சுட்டு வாயத் தொடச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?"

"எங்கண்ணனும் அப்படித்தான் சாப்பிட்டான்" என்றாராம் ஃபரைதூன். அவள் குனிந்து ரொட்டியைப் பொறுக்கினாளாம்.

அவர் வராத முதல் சாயங்காலம். அவருடைய இடம் பெஞ்சில் காலியாக இருந்தது, யாரும் நகர்ந்து உட்காரவில்லை. எழும்போது வஹாப் காசை நீட்டினார்.

"குடுத்தாச்சு" என்றார் ஸாபிர் மாமா, பழக்கத்தில்.

வஹாபின் கை அப்படியே நின்றது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஃபரைதூன் வரவே இல்லையே.

"முன்கூட்டியே குடுத்து வெச்சிருப்பாரு. விவரமான ஆளு" என்றான் ஹோகிர்.

அடுத்த நாளும் குடுத்தாச்சு. அதற்கடுத்த நாளும். இப்போது பெஞ்சில் பேச்சே இல்லை. ஒருவர் வாய் திறந்தால் மற்றவர் அவர் கையைப் பார்த்தார். குழுவில் இருந்த உடற்பயிற்சி வாத்தியார் புதுக் காலணி போட்டு வந்தார், மறுநாள் அதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிக்கொண்டு வந்தார். வஹாபின் மருமகன் எந்தக் கட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறான் என்பது எல்லோருக்கும் திடீரென்று நினைவுக்கு வந்தது. எனக்கும் வந்தது.

ஒரு சாயங்காலம் நான் விட்டுப்போன தொப்பியை எடுக்கத் திரும்பிப் போனேன், கூடவே உடற்பயிற்சி வாத்தியாரும் வந்தார். ஹோகிர் சமோவர் பக்கம் குனிந்து நின்றான். "யார்தான் மாமா குடுக்கறா?" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து எங்களைப் பார்த்ததும் அவன் காது சிவந்துபோனது.

"நான் கேக்கத்தான் வந்தேன்" என்றான்.

"கேக்கத்தான், இல்லையா?" என்றார் உடற்பயிற்சி வாத்தியார்.

வியாழக்கிழமை ஃபரைதூன் வந்தார். சவரம் செய்து, அந்தக் கம்பளி மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு. உட்காரவில்லை. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஹோகிர் முன்பு உட்கார்ந்த இடத்தை விட்டு ஓரமாக ஒதுங்கியிருந்ததை அவர் கவனித்தார். ஏன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நேராக ஸாபிர் மாமாவிடம் போனார். இந்தமுறை குனியவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"மாமா, பேரு வேண்டாம். உங்க வழக்கத்தை நான் கெடுக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. குடுத்தவர் எங்களோட உக்காந்து டீ குடிச்சவரா?"

ஸாபிர் மாமா குவளைகளை வரிசையாக அடுக்கினார்.

"கூட உக்காந்து குடிச்சவன் குடுக்கறதுதானே வழக்கம்? குடிக்காதவன் குடுத்தா அது இந்தக் கடை வழக்கம் இல்ல. அதுக்கு நீங்க வாய மூடிக்க வேண்டியதும் இல்ல."

மாமா சமோவரின் அடுப்பைத் திருகி அணைத்தார். கொதிக்கிற சத்தம் அடங்கியது.

"இல்ல" என்றார். "இங்க உக்காந்ததில்ல."

"யாரு?" என்று கத்தினான் ஹோகிர்.

"மாசம் பொறந்தா வந்து மொத்தமா குடுப்பாரு, நடுவுலயும் அப்பப்ப வந்து போவாரு. மரியாதையான ஆளு. வாத்தியாருங்க பாவம், சம்பளமில்லாம இருக்காங்க, அவங்க டீக்கு நான் குடுத்துடறேன், வேற எங்கயும் போயிடாம பாத்துக்கோங்கன்னாரு. நல்ல மனசுன்னு நெனச்சேன்."

"என்ன பேசறாங்கன்னு கேட்டாரா?" ஃபரைதூனின் குரலில் கோபம் இல்லை, வகுப்பில் கேட்கிற குரல்தான் அது.

"கேட்டாரு. வாத்தியாருங்க என்ன பேசிக்கறாங்கன்னு ஊருல எல்லாருந்தான் கேக்கறாங்க."

"நீங்க சொன்னீங்களா?"

"மரியாதையா கேக்கறவங்ககிட்ட எப்படி வாத்தியாரே சொல்லாம இருக்கறது?"

"எந்தக் கட்சி? எந்த ஆபீசு? எங்கிருந்து வந்த காசு?" என்று குறுக்கிட்டான் ஹோகிர்.

ஸாபிர் மாமாவுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "நான் கேக்கல! அதையெல்லாம் கேக்கறதுக்கு நான் என்ன ஃபரைதூனா?"

நாங்கள் எழுந்தோம். வஹாப் சட்டைப்பையிலிருந்து இருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தார். ஸாபிர் மாமா அதை வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. வாசலில் காலணி மாட்டும்போது யாரும் ஃபரைதூனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருடைய பெயரை அறிவிக்கிற பேச்சும் அதன்பின் எழவில்லை. எங்கள் ஊரில் இதுவே பெரிய மன்னிப்பு. போதுமானதா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பள்ளிக் காவலரிடம் சொல்லிப் பின்வாசலைத் திறந்தோம். விளையாட்டு மைதானத்தின் சுவரோரம், காற்று அடிக்காத இடத்தில் உட்கார்ந்தோம். ஃபரைதூன் வீட்டிலிருந்து ஒரு கெட்டிலையும் சிறிய மண்ணெண்ணெய் அடுப்பையும் கொண்டுவந்தார். அவரவர் குவளையை அவரவர் கொண்டுவர வேண்டும் என்பது அவர் போட்ட விதி.

"அடுத்த தடவை எங்க நிக்கறதுன்னு முடிவு பண்ணணும்" என்றார் வஹாப்.

"இங்க வேண்டாம்" என்றார் ஃபரைதூன். "நீங்க மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. அன்னைக்குக் காலையில கூட்டிட்டுப் போங்க. எங்க யாருக்கும் முன்னாடி சொல்லாதீங்க. எனக்கும் சொல்லாதீங்க."

"இன்னும் கோவமா அண்ணே?" என்றான் ஹோகிர்.

"கோவமில்லடா. எனக்கும் சொல்லக் கூடாதுங்கறதுதான் சரி. வஹாப் அண்ணன் மருமகன்கிட்டச் சொல்லாம இருந்தா போதும்."

வஹாப் இருமினார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம், வஹாபைத் தவிர.

ஃபரைதூன் தேநீரை ஊற்றிவிட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். ஹோகிர் கரண்டியை அதில் விட்டவன், எடுக்காமல் அப்படியே நிறுத்தினான்.

"அண்ணே, இந்தச் சர்க்கரை யாரு குடுத்தது?"

"ரேஷன். பக்தாத்லருந்து வந்தது."

"சம்பளத்தை அனுப்பாதவன் சர்க்கரை மட்டும் ஏன் அனுப்பறான்?"

ஃபரைதூன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் முகத்தில் திருப்தி என்று சொல்லக்கூடிய ஒன்றை நான் பார்த்தது அப்போதுதான். பொட்டலத்தை மடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப சர்க்கரை இல்லாமலே குடிப்போம்" என்றார்.