போடாத ஊசி

ஆம்புலன்ஸ் வத்தலக்குண்டைத் தாண்டியதும் ஓட்டுநர் போனில் அழைத்தார். "சிஸ்டர், டாக்டர் போயிட்டாருங்க." கொடைக்கானலில் எங்கள் சிறிய மருத்துவமனை வாசலில் அப்போதும் பனிமூட்டம் விலகவில்லை. அவருக்காக நான் எடுத்து வைத்த ஊசி மருந்து, தட்டில் உடைக்கப்படாமலே இருந்தது.

டாக்டர் அருளப்பன் முன்கோபி. திட்டிக்கொண்டே வைத்தியம் பார்ப்பார். இதய வால்வு மாற்றிக்கொண்டவர் என்பதால், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட்டார். சவரக் கீறலில் பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்து, "என் ரத்தத்துக்கு நிக்கத் தெரியாது சிஸ்டர்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பே வராது.

சில ஆண்டுகளுக்கு முன், பூம்பாறை விவசாயி வேலுச்சாமியை மாரடைப்போடு கேரட் லாரியில் கொண்டு வந்தார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான் கையில் எடுத்துவிட்டேன்.

"வாயுன்னு பூண்டு சுடப் போனேங்க. பக்கத்து வீட்டுக்காரருதான் வெரசா லாரியில ஏத்திட்டாரு" என்று அழுதார் அவர் மனைவி.

"வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறாராம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"கால்ல ரத்தம் கட்டி வீங்குனதுக்கு மதுரையில குடுத்ததுதாங்க."

அவர் காட்டிய அட்டையில் இருந்தது, டாக்டர் தினமும் விழுங்கும் அதே மாத்திரை. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போடாதீங்க. ரத்தம் ஏற்கெனவே மெலிஞ்சு கெடக்கு. மூளையில கசிஞ்சிரும். மதுரைக்கு இறக்குங்க."

உறவினர்கள் சண்டைக்கு வந்தும் அவர் அசையவில்லை. மதுரையில் குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். பிழைத்த வேலுச்சாமி, அறுவடைதோறும் ஒரு கட்டுப் பூண்டு கொண்டு வருவார். "நெஞ்சு வலிச்சா இதைச் சுட்டுக்கிட்டு உக்காராதய்யா" என்று திட்டியபடியே டாக்டர் வாங்கிக்கொள்வார்.

நேற்றுக் காலை நெஞ்சு வலித்தபோது, அதே டாக்டர் வாயு என்று நினைத்துப் பூண்டு சுட்டுத் தின்றிருக்கிறார். நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. மதியம் அவர் வந்து சேர்ந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஈசிஜியில் பெரிய மாரடைப்பு. பரிசோதனையில் ரத்தம் உறையவே மறுத்தது. தெரிந்தும் மனசு கேளாமல் நான் ஊசியை எடுத்ததும், வேண்டாமென்று தலையசைத்தார்.

"எனக்கு மட்டும் வேற சட்டமா? இறக்குங்க சிஸ்டர்."

ஆம்புலன்ஸின் பின்விளக்கு முதல் வளைவிலேயே பனியில் மறைந்துவிட்டது.

இன்று வேலுச்சாமி வந்து உடலருகே நின்றார். "எனக்கும் அந்த ஊசி போடலைல்ல? நான் பொழச்சேன்ல? அப்புறம் இவுகளுக்கு மட்டும் ஏன் சிஸ்டர்?"

"நீங்க வெள்ளனே வந்துட்டீங்க. அவரு பூண்டு சுட்டுக்கிட்டு இருந்துட்டாரு" என்றேன்.

அவர் தன் கையிலிருந்த பூண்டுக் கட்டைப் பார்த்தார். மாலைகளின் அருகே வைக்கக் குனிந்தவர், நிமிர்ந்து அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சென்று வாருங்கள், டாக்டர். திட்டுவதற்கு ஆளில்லாத இந்த வார்டில் நிற்கவே பயமாக இருக்கிறது.